மகோதரம் என்று சொல்லிவந்தோம்

என் மூத்த மகள் ஸ்டெல்லா குடித்துக் குடித்தே இறந்தாள் என்று சாந்தோம் பக்கத்தில் எங்கள் கோயிலுக்கு வரும் சில குடும்பங்கள் இன்றும் நம்புகின்றன. அந்தக் கதையை முதலில் ஒரு டாக்டரிடம் சொன்னவன் நான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கோயிலில் மதுவிலக்குச் சபைக்குப் பல வருடம் தலைவனாக இருந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் இளைஞர்களைக் கூட்டி, சாராயம் உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். ஸ்டெல்லா திருமணம் செய்துகொள்ளவில்லை. அடையாறில் ஒரு விளம்பர கம்பெனியில் வேலை. சோப்புக்கும் காபித்தூளுக்கும் ரேடியோவில் வரும் இரண்டு வரி வசனங்களை எழுதுவாள். சனிக்கிழமை மாலைகளில் உடன் வேலை செய்பவர்களோடு பீர் குடிப்பாள். அது எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டாலும் பேச்சு குறைவு. சபைத் தலைவன் வீட்டிலேயே இப்படி என்று ஊர் பேசுமே என்பதுதான் என் கவலை.

அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தபோது வாயு என்றுதான் நினைத்தோம். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டது என்பாள். என் மனைவி ரெஜினா மகளின் ரவிக்கைகளை வாங்கி ஓரத் தையலைப் பிரித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் மறுபடி பிரித்தாள். பிரிக்கத் துணி இல்லாமல் போனபோதுதான் லஸ் பக்கம் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் நடுத்தர வயதுக்காரர், நிதானமானவர். வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து மறு கை விரலால் தட்டிப் பார்த்தார். நீர் சேர்ந்திருந்தால் தட்டும் சத்தம் மந்தமாகக் கேட்குமாம். ஒருக்களித்துப் படுத்தால் அந்த மந்தச் சத்தமும் இடம் மாறுமாம். எங்கள் பழைய பேச்சில் இதற்கு மகோதரம் என்று பெயர்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லை" என்றேன்.

"வேற ஏதாவது பழக்கம்?"

அவர் பாக்கு, புகையிலை என்ற அர்த்தத்தில் கேட்டிருக்கலாம். "இவ குடிப்பா, டாக்டர்" என்றேன்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரிடம் சொன்னாள்: "சனிக்கிழமை ஒரு கிளாஸ் பீர், டாக்டர். சில சனிக்கிழமை ரெண்டு."

"எல்லாரும் கொறைச்சுத்தாம்மா சொல்லுவாங்க" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. அதற்குப் பிறகு அவர் கல்லீரலைத் தவிர வேறு எதையும் தேடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குடிப்பவர் வயிற்றில் நீர் கோத்தால் கல்லீரல் கெட்டிருக்கிறது என்றுதான் எந்த டாக்டரும் முதலில் நினைப்பார். பெற்ற தகப்பனே சாட்சி சொல்லும்போது அவர் வேறு என்ன நினைக்க முடியும்?

யாருக்கும் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். என் அம்மா வயிறு வீங்கித்தான் இறந்தார். என் அக்கா பிலோமினா, பள்ளி ஆசிரியை, நாற்பதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் அதே மாதிரி இறந்தாள். அக்காவைப் பார்த்த பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சினைப்பையில் புற்று, வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து மகோதரம் என்று மட்டும் சொன்னேன். எனக்கு இரண்டு பெண்கள், தம்பி சூசைக்கு இரண்டு பெண்கள். எங்கள் ஜனங்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, உங்கள் வீட்டில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். புற்று என்ற வார்த்தை ஒரு வீட்டுக்குள் வந்தால் நாலு பெண்களும் வீட்டோடு இருக்கவேண்டியதுதான். தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வெளியே மகோதரம் என்றே சொல்லுவோம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

அதோடு எனக்கு ஒரு சமாதானமும் இருந்தது. பெண்களுக்கு வரும் நோய் பெண்கள் வழியாகத்தான் வரும் என்று நினைத்தேன். ஸ்டெல்லாவுக்கு வருவதானால் ரெஜினாவின் வழியாக வரவேண்டும். ரெஜினாவின் அம்மாவோ தொண்ணூறு வயதுவரை திடமாக இருந்தவர். ஆகவே நான் மறைத்ததால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டேன். வாழ்நாள் முழுக்க விஞ்ஞானம் கற்பித்தவன் போட்ட கணக்கு அது.

நர்சிங் ஹோமில் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். உப்பைக் கண்ணில் காட்டக்கூடாது என்றார்கள். ரெஜினா உப்பில்லாத கஞ்சியும் உப்பில்லாத பருப்பும் தூக்குவாளியில் கொண்டு வருவாள். எங்கள் மாடி வீட்டு ராஜம் மாமி தினமும் ஒரு பாட்டில் மோர் அனுப்புவார். "ஒரு கல் உப்புகூடப் போடலை, பயப்படாம குடிக்கச் சொல்லுங்கோ. இஞ்சி மட்டும் தட்டிப் போட்டிருக்கேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். இளையவள் அமலா பள்ளியில் வேலை முடிந்து நேராக வந்து அக்காவின் தலையைப் பின்னிவிட்டு, வாரப் பத்திரிகையில் தொடர்கதையை உரக்கப் படிப்பாள். ஸ்டெல்லா நடுவில் நிறுத்தி, "இந்த வசனத்துக்கு நான் எழுதுன சோப்பு விளம்பரமே மேல்" என்பாள்.

வயிற்றில் ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். சில நாளில் மறுபடி சேர்ந்தது. கல்லீரல் பரிசோதனைகள் நன்றாகவே வந்தன. "இப்ப நல்லா காட்டும், போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டர். ஒருநாள் தரை துடைக்க வந்த ஆயா கட்டிலருகே நின்று, "இன்னாம்மா, எத்தினி மாசம்? நெறமாசமா கீறியே!" என்றாள்.

"எங்கப்பாவைக் கேளுக்கா. பீர் குடிச்சதால வந்த புள்ளைன்னு சொல்லுவார்" என்றாள் ஸ்டெல்லா.

ஆயா புரியாமல் சிரித்தாள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அவள் பேச்சில் இருந்த திமிர்தான் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது.

இப்படிக் கல்லீரலைப் பார்த்துக்கொண்டே இரண்டு மாதத்துக்கும் மேல் போனது. கடைசியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு டாக்டர் பெண், இறக்கிய நீரில் கொஞ்சத்தை எடுத்து அதில் என்ன அணுக்கள் இருக்கின்றன என்று பார்க்க அனுப்பினாள். புற்று அணுக்கள் இருந்தன. அடிவயிற்றை ஸ்கேன் செய்தார்கள். இரண்டு சினைப்பைகளிலும் கட்டி.

தி. நகரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே டாக்டர் சுபத்ரா. முடியை இறுகக் கொண்டை போட்டவர், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர். ஸ்டெல்லாவிடமே எல்லாவற்றையும் விளக்கினார். சினைப்பை என்பது பாதாம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய உறுப்பு. வயிற்றின் ஆழத்தில் இருப்பதால் அங்கே கட்டி வளர்ந்தாலும் வலி தெரியாது. தெரியும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும், குடலின் முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்புச் சவ்வையும் எடுக்கவேண்டும். மிச்சத்தை மருந்தால் அழிக்கப் பார்க்கவேண்டும்.

"டாக்டர், உப்பு?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"உப்புக்கு என்ன? தாராளமா சாப்பிடுங்க."

"அம்மா, நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டு வா" என்றாள். ரெஜினா அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள்.

ஆபரேஷன் நடந்த நாளில் கீழ்த்தளத்துக் கூடத்தில் காத்திருந்தோம். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் அங்கிருந்த எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தன. டாக்டர் சுபத்ரா வந்து, முடிந்த அளவு எடுத்திருக்கிறோம், கல்லீரலின் அடியிலும் வயிற்றின் உள்சவ்விலும் சின்னச் சின்னதாகப் பரவியிருக்கிறது என்றார்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாது சார். சீக்கிரம் வந்திருந்தா நல்லதுதான்." பிறகு, "உங்க பக்கமோ அம்மா பக்கமோ யாருக்காவது சினைப்பை, மார்பு, இந்த மாதிரி?" என்று கேட்டார்.

ரெஜினா இல்லை என்று தலையசைத்தாள். அவளுக்குத் தெரிந்தது மகோதரம் மட்டும்தான். நானும் இல்லை என்றேன். அப்போது அமலாவுக்கு வரன் முடிவாகிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை செல்வின், அசோக் நகரில் வீடு, அரசாங்க வேலை. ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் அம்மா ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். போகும்போது வாசலில் குரலைத் தாழ்த்தி, "பெரியவளுக்கு எதனால சார் இப்படி? ஆபீஸ்ல எல்லாம் ஒரு மாதிரி பழக்கம்னு காதுல விழுந்துச்சு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஆமென்று எடுத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. குடியென்றால் பழி ஸ்டெல்லாவோடு நின்றுவிடும். ரத்தம் என்றால் என்னிடம் வரும், அமலாவிடம் போகும், தம்பி வீட்டுக்கும் போகும். படுக்கையில் கிடந்த மகளைக் கொடுத்து மற்ற எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டேன்.

எங்கள் வழக்கத்தில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பீடத்திலிருந்து சாமியார் சொல்வார். திருச்சபை கேட்பது நோயைப் பற்றி அல்ல, ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, நெருங்கிய உறவா என்பதைத்தான். அப்படியும் முதல் ஓலை வாசித்தபோது எனக்குக் காது சுட்டது. இரண்டாம் ஓலைக்கு ஸ்டெல்லாவும் வந்தாள். முடி கொட்டிய தலையில் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டு அமலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கையின் பெயர் வந்ததும் அவள் தொடையில் கிள்ளினாள். பின் வரிசையில் இரண்டு பெண்கள் ஸ்டெல்லாவைக் காட்டி என்னவோ பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மருந்து ஏற்றும் நாள். பிளாட்டினம் என்ற உலோகம் கலந்த மருந்து அது. நகைக்கடையிலும் ஆய்வுக்கூடத்திலும் பார்த்த உலோகம் சொட்டுச் சொட்டாக மகளின் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்லும். புற்று எது, முடி எது, குடல் எது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் வாந்தி. ரெஜினா பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி அடங்கி ஸ்டெல்லா கண்ணை மூடியிருந்தபோது டாக்டர் சுபத்ரா வந்தார். நான் பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"இதுக்குக் குடிதானே டாக்டர் காரணம்?"

"அப்படி யார் சொன்னாங்க?"

"ஆல்கஹால் உள்ள போனா அசிட்டால்டிஹைடா மாறுது. அது விஷம். அணுக்களைக் கெடுக்கும். நான் பாடமே எடுத்திருக்கேன்."

"சரிதான். ஆனா எல்லார் உடம்பும் அதை ஒரே வேகத்துல மாத்தறதில்லை சார். அது பிறப்புலயே வர்ற வித்தியாசம். ஒருத்தருக்கு ஒரு கிளாஸ்லயே முகம் செவந்து நெஞ்சு படபடக்கும், இன்னொருத்தருக்கு ஒண்ணும் ஆகாது. சினைப்பைப் புற்றுக்கும் குடிக்கும் சம்பந்தம் இருக்கான்னு தேடிப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. தெளிவா ஒண்ணும் கிடைக்கலை. குடிக்கிறது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சனிக்கிழமை பீர்தான் இதைக் கொண்டுவந்துச்சுன்னு என் வாயால வரவழைக்கப் பார்க்காதீங்க."

"அப்ப எதனால?"

"பல பேருக்குக் காரணமே தெரியாது. சில குடும்பங்கள்ல மட்டும் ஒரு மரபணுக் கோளாறு வழிவழியா வருது. சமீபத்துலதான் கண்டுபிடிச்சிருக்காங்க. அதைச் சோதிச்சுப் பார்க்க இங்க இன்னும் வசதி வரலை. அதனாலதான் குடும்பத்துல யாருக்கு என்ன வந்துச்சுன்னு துருவித் துருவிக் கேக்கறோம். அம்மா வழியா மட்டுமில்லை, அப்பா வழியாவும் வரும். அப்பாவுக்குச் சினைப்பை இல்லாததால அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பொண்ணுக்குக் கடத்திடுவார்."

அந்த வாக்கியத்தோடு என் கணக்கு முடிந்துவிட்டது. "என் அக்காவுக்கு வந்தது, டாக்டர். என் அம்மாவுக்கும் அதேதான்னு நெனைக்கிறேன்" என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ரெண்டாவது பொண்ணுக்கு என்ன வயசு? உடனே கூட்டிட்டு வாங்க. உங்க தம்பி தங்கச்சிக்குப் பொண்ணுங்க இருந்தா அவங்களும் வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ரெஜினா பேசினைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேச வெகுநாள் ஆனது.

ஸ்டெல்லா தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "அப்பா, நான் குடிக்கிறேன்னு சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை" என்றாள்.

விலகியிருந்த போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டேன்.

"மூணாவது ஓலைக்கு முன்னாடி அமலாகிட்ட சொல்லிடுங்க. நீங்களே சொல்லணும். அம்மாவை அனுப்பாதீங்க."

அன்று மாலையே சொன்னேன். அமலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அக்கா குடிச்சுத்தான் இப்படி ஆச்சான்னு செல்வின் அம்மா என்கிட்டயும் கேட்டாங்க. நீங்க சொன்னதை நம்பி நானும் ஆமான்னேன். என் வாயாலயும் சொல்ல வெச்சுட்டீங்களேப்பா" என்றாள். தனக்கு வருமா என்று அவள் கேட்கவே இல்லை.

அவளே செல்வினை வரச்சொல்லிப் பேசினாள். அவன் கிளம்பும்போது என்னிடம், "எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லை அங்கிள். அம்மாதான்..." என்று இழுத்தான். அதற்கு மேல் அவன் வரவில்லை. அடுத்த ஞாயிறு சாமியார் வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்துவிட்டு அறிக்கையை மடித்து வைத்தார். முன்னால் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அமலா நேராகப் பீடத்தையே பார்த்துக்கொண்டு முழங்காலில் இருந்தாள்.

ஸ்கேனில் அவளுக்கு ஒன்றும் இல்லை. இன்று இல்லை என்பதை மட்டும்தான் ஸ்கேன் சொல்லும் என்றார் டாக்டர். வருடா வருடம் பார்க்கவேண்டும், பிறகு ஒரு வயதில் சினைப்பைகளை எடுத்துவிடுவதைப் பற்றியும் யோசிக்கலாம். அமலா தலையாட்டினாள். அக்காவிடம் போய், "ஒண்ணுமில்லைக்கா" என்றாள். கல்யாணம் நின்றதற்கு அழாத ஸ்டெல்லா அதைக் கேட்டு அழுதாள்.

"சித்தப்பா வீட்ல சொன்னீங்களா?" என்று ஸ்டெல்லா என்னைக் கேட்டபோதெல்லாம், சொல்கிறேன் என்றேன். ஒருநாள் மேற்கு மாம்பலம் போனேன். தம்பி சூசை என்னை வாசல் கேட்டிலேயே நிறுத்தினான்.

"அண்ணே, உங்க வீட்டுக் கல்யாணம் நின்னுச்சு. எங்க வீட்லயும் நிக்கணுமா? இப்பத்தான் லிசிக்கு ஒரு எடம் வந்திருக்கு. பேசாம போங்க."

"டாக்டர் வரச் சொன்னாங்கடா."

"டாக்டருக்கென்ன? அவங்களா மாப்பிள்ளை பார்ப்பாங்க?"

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடுதானே. அதை அவன் ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். திரும்பிவிட்டேன்.

மருந்து முடிந்து சில மாதங்கள் ஸ்டெல்லா நன்றாக இருந்தாள். முடி சுருள் சுருளாக வளர்ந்தது. அலுவலகம் போனாள். ஒரு சனிக்கிழமை அவளே பீர் வாங்கி வந்து மேசையில் வைத்துக் குடித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "சபைத் தலைவருக்கு ஒரு கிளாஸ்?" என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் சிரித்தாள். எங்களுக்குள் மன்னிப்பு என்று ஏதாவது நடந்திருந்தால் அன்றைக்குத்தான் நடந்திருக்கவேண்டும். நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. பிறகு வயிறு மறுபடி உப்பியது. இந்த முறை நீரை இறக்க இறக்க இரண்டே நாளில் நிரம்பியது. வேறு மருந்து கொடுத்தும் பலன் இல்லை.

அவள் உடலை வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தபோது ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெண், "பொம்பளைப் புள்ள குடிக்கலாமா? கடைசில பாரு" என்று அடுத்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன்.

"குடியில்லை. குடிதான் காரணம்னு நான் சொன்னது பொய். எங்க அம்மா, எங்க பிலோமினா அக்கா, ரெண்டு பேரும் இதாலதான் செத்தாங்க. இது என் வழியா வந்தது. எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாரும் டாக்டரைப் பார்க்கணும்."

ஜெபமாலை நின்றுவிட்டது. சூசை என் கையைப் பிடித்து, "அண்ணே, எழவு வீட்ல வெச்சு என்ன பேச்சு இது, உக்காருங்க" என்று அழுத்தினான். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். மகளைப் பறிகொடுத்ததில் கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி எல்லோரும் கிளம்பும்போது சூசையின் மூத்த மகள் லிசி, செருப்பைத் தேடுவதுபோல் என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"பெரியப்பா, அந்த டாக்டர் என்னென்ன கிழமை பார்ப்பாங்க?"

"செவ்வாய், வெள்ளி. காலையில. சுபத்ரான்னு கேளு. நான் கூட வரட்டுமாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஆட்டோவிலிருந்து சூசை கூப்பிட்டான். போய் ஏறிக்கொண்டாள்.

அவள் போனாளா என்று எனக்குத் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் கொஞ்ச நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். மேற்கு மாம்பலத்து வீட்டுக்குப் போன் செய்தால் சூசைதான் எடுக்கிறான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறான்.